பேரனுக்கு மக்காச்சோளம் ஆகாது: கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

அக்கா, நீங்கள் கேட்டது இது. அமெரிக்காவில் இருக்கும் மகள் ஆனி மாதம் பிள்ளையோடு சங்கரன்கோவிலுக்கு வருகிறாள். பேரனுக்கு ஏழு வயது. மக்காச்சோளம் ஆகாது, தின்றால் உடம்பெல்லாம் தடித்துவிடும். "கார்ன் சிரப் இல்லாததா பார்த்து வாங்கி வைம்மா" என்று மகள் சொல்லிவிட்டாள். நீங்கள் பலசரக்குக் கடையில் ஒவ்வொரு கவராகத் திருப்பிப் பார்த்தும் அந்தப் பெயரே எதிலும் இல்லை. அப்படியானால் நம் ஊரில் அது கிடையாதா, இல்லை வேறு பெயரில் இருக்கிறதா? கூடவே, உங்களுக்குச் சர்க்கரை வியாதி இருப்பதால் "அது இல்லாத பண்டம் எனக்கும் நல்லதுதானே?" என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது, வேறு பெயரில் இருக்கிறது. மிட்டாய், பிஸ்கெட் தயாரிக்கும் இடங்களில் தரம் பார்க்கும் வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். பாளையங்கோட்டைக்காரன் என்பதால் நம் பக்கத்துக் கடைகளில் என்ன கிடைக்கும் என்பதும் தெரியும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பேரன் விலக்குவது ஒரு பயிரை. நீங்கள் விலக்க வேண்டியது இனிப்பை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் இரண்டு பேருக்கும் தப்பாகிவிடும். பேரன் கதையை முதலில் பார்ப்போம்.

ஒரு வாய்ச் சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் லேசாக இனிக்கும். எச்சிலில் இருக்கும் என்சைம் மாவுச்சத்தை வெட்டி இனிப்பாக்குகிறது. ஆலையில் நடப்பதும் இதே வேலைதான். மக்காச்சோளத்தை ஊறவைத்து, அரைத்து, முளைக்கரு, நார், புரதம் எல்லாவற்றையும் பிரித்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெள்ளை மாவுச்சத்து. அதில் என்சைம் சேர்த்து வெட்ட ஆரம்பிக்கிறார்கள். கொஞ்சமாக வெட்டி நிறுத்தினால் மால்டோடெக்ஸ்ட்ரின். அவ்வளவாக இனிக்காத வெள்ளைப் பொடி. இன்னும் வெட்டினால் லிக்விட் குளுக்கோஸ். கண்ணாடி மாதிரித் தெளிந்த, கெட்டியான பாகு. முழுக்க வெட்டிக் காயவைத்தால் டெக்ஸ்ட்ரோஸ். வெயில் காலத்தில் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிற குளுக்கோஸ் பொடி அதுதான். அந்தக் குளுக்கோஸில் ஒரு பங்கை இன்னொரு என்சைமால் ஃப்ரக்டோஸாக மாற்றினால் அமெரிக்காக்காரர்கள் பேசுகிற ஹை ஃப்ரக்டோஸ் கார்ன் சிரப். குளுக்கோஸை வேறு வழியில் மாற்றினால் சார்பிடால், அதுவும் ஒரு வகை இனிப்பூட்டி. ஏணி ஒன்றுதான், எந்தப் படியில் நிற்கிறோமோ அதற்கு ஒரு பெயர்.

நம் நாட்டுக் கவர்களில் கடைசிப் படியைவிட நடுப்படிகள்தான் அதிகம். அதனால்தான் நீங்கள் 'கார்ன் சிரப்' என்று தேடியபோது கண்ணில் படவில்லை. தேட வேண்டிய பெயர்கள்: லிக்விட் குளுக்கோஸ், குளுக்கோஸ் சிரப், கார்ன் சிரப் சாலிட்ஸ், டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின், ஃப்ரக்டோஸ். சார்பிடால் சில சமயம் பெயராக வராது, 420 என்ற எண்ணாக வரும். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. லிக்விட் குளுக்கோஸை மக்காச்சோளத்திலிருந்தும் எடுக்கலாம், மரவள்ளிக் கிழங்கிலிருந்தும் எடுக்கலாம். சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளி மாவு ஆலைகள் நிறைய. எதிலிருந்து எடுத்தது என்று கவரில் பெரும்பாலும் போட்டிருக்காது. ஒவ்வாமை எச்சரிக்கையாவது இருக்குமே என்றால், அதுவும் இல்லை. நம் நாட்டுச் சட்டப்படி கவரில் சொல்லியே ஆக வேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் எட்டு வகை: கோதுமை மாதிரி குளுட்டன் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் முந்திரி பாதாம் வகையும், சோயா, அப்புறம் பண்டம் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட், அது குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால். இதில் மக்காச்சோளம் இல்லை. அமெரிக்காவின் ஒன்பது வகைப் பட்டியலிலும் கிடையாது. ஆகவே கவரின் அடியில் தடித்த எழுத்தில் வரும் எச்சரிக்கையை மட்டும் பார்த்துவிட்டு இந்தப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. முழுப் பட்டியலையும் வாசிக்க வேண்டும். பெயர் சந்தேகமாக இருந்தால் மக்காச்சோளம் என்றே வைத்துக்கொண்டு தள்ளிவிடுங்கள்.

இன்னொரு குழப்பம் நம் மொழியில். நம்ம ஊரில் சோளம் என்றால் வெள்ளைச் சோளம், சோளச்சோறு பொங்கிச் சாப்பிட்ட அந்தச் சோளம். கோழித்தீவனத்துக்குப் போகிற, கதிரைச் சுட்டுத் தின்கிற பயிர் மக்காச்சோளம். ஆனால் கடையில் 'சோளமாவு' என்று கேட்டால் கொடுப்பது மக்காச்சோள மாவுச்சத்துதான். கான்ஃப்ளவர் மாவு என்று ஊரில் சொல்வதும் அதைத்தான். மகளிடம் பேசும்போது "சோளம் ஆகுமா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். வெள்ளைச் சோளத்தையும் தனியாகக் கேளுங்கள். இரண்டும் புல் இனத்தில் நெருங்கிய சொந்தம், ஒன்று ஆகாதவருக்கு மற்றதும் ஆகாமல் போக வாய்ப்பு உண்டு. டாக்டர் சொல்லாமல் அந்தப் பிள்ளைக்குச் சோளச்சோறு வேண்டாம்.

எவ்வளவு கண்டிப்பு வேண்டும் என்பதையும் அவளிடமே கேட்டுவிடுங்கள். ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் புரதம். நன்றாகச் சுத்திகரித்த குளுக்கோஸில் புரதம் ஏறக்குறைய இருக்காது. அதனால் சில பிள்ளைகளுக்கு மாவும் கதிரும் மட்டும் ஆகாது, சிரப் ஒன்றும் செய்யாது. சில வீட்டில் டாக்டர் சொல்லி எல்லாவற்றையும் விலக்குகிறார்கள். உங்கள் மகள் சிரப்பையும் சேர்த்துச் சொல்லியிருப்பதால் கண்டிப்பான பக்கமே நின்று பதில் சொல்கிறேன்.

இனி கடைக்குப் போவோம். கோலா, ஆரஞ்சு சோடா வகைகளைப் பற்றித்தான் மகளுக்கு அதிகப் பயம் இருக்கும். அங்கே அது நியாயம். 1970களில் அமெரிக்காவில் சீனி விலை ஏறியது, இறக்குமதிச் சீனிக்குக் கட்டுப்பாடும் வந்தது. மக்காச்சோளம் அங்கே மலையாக விளைகிறது. 1984 முடிவதற்குள் பெரிய கோலா கம்பெனிகள் இரண்டுமே முழுக்கச் சோளச் சிரப்புக்கு மாறிவிட்டன. நம் நாட்டில் கரும்பு மலிவு. அதனால் இங்கே விற்கும் அதே கோலாக்களின் பட்டியலில் சோடாத் தண்ணீருக்கு அடுத்ததாகச் சீனிதான் இருக்கும். மக்காச்சோளத்துக்காக மட்டும் பார்த்தால் இங்கத்திய கோலா அங்கத்தியதைவிடப் பயமில்லாதது. அதற்காக வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லவில்லை. 300 மில்லி பாட்டிலில் முப்பது கிராமுக்கு மேல் சீனி இருக்கிறது.

நம் பக்கத்தில் மக்காச்சோள இனிப்பு அதிகம் இருப்பது மிட்டாயில். கண்ணாடிக் காகிதம் சுற்றிய பழ மிட்டாய், டாஃபி, சூயிங்கம், குச்சி மிட்டாய், ஜெல்லி இவற்றில் பெரும்பாலும் சீனியோடு லிக்விட் குளுக்கோஸும் இருக்கும். காரணம் இருக்கிறது. சீனிப் பாகு ஆறும்போது பழையபடி படிகமாகக் கட்டப் பார்க்கும். கல்கண்டு உண்டாவது அப்படித்தான். மிட்டாயில் அது நடந்தால் வாயில் மணல் மாதிரி நறநறக்கும். குளுக்கோஸ் குறுக்கே நின்று படிகம் கட்டவிடாமல் செய்கிறது. வீட்டில் குலாப்ஜாமூனுக்குப் பாகு காய்ச்சும்போது உங்கள் அம்மா இரண்டு சொட்டு எலுமிச்சம்பழம் பிழிந்துவிட்டிருப்பார்கள், நினைத்துப் பாருங்கள். புளிப்பு பட்டதும் சீனியில் கொஞ்சம் உடைந்து குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரியும், பாகு பூக்காமல் இருக்கும். புளியங்குடி எலுமிச்சம்பழத்தால் முடிகிற வேலையை ஆலைக்காரர் வாளிக் குளுக்கோஸால் செய்கிறார்.

இந்த எலுமிச்சம்பழ விஷயத்தைத் தெரிந்துகொண்டால் இன்னொரு பெயரும் புரிந்துவிடும். பிஸ்கெட் கவர்களில் 'இன்வர்ட் சிரப்', 'இன்வர்ட் சுகர் சிரப்' என்று இருக்கும். பார்த்ததும் சோளச் சிரப் என்று நினைத்து நிறையப் பேர் தள்ளிவிடுகிறார்கள். அது கரும்புச் சீனியை அமிலத்தாலோ என்சைமாலோ உடைத்துச் செய்த பாகு. நாங்கள் ஆலையில் மூட்டை மூட்டையாகச் சீனியைக் கொட்டித்தான் அதைக் காய்ச்சுவோம். மக்காச்சோளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'குளுக்கோஸ் பிஸ்கெட்' என்று பெயர் இருந்தாலும் பல பிஸ்கெட்டுகளில் உள்ளே இருப்பது கோதுமை மாவு, சீனி, எண்ணெய், இன்வர்ட் சிரப்தான். பேரைப் பார்த்து ஒதுக்காமல் பட்டியலைப் பாருங்கள். தாளில் எழுதிய பெயர்களும் சோள மாவுச்சத்தும் இல்லையென்றால் கொடுக்கலாம்.

கடலை மிட்டாயைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேரன் வந்ததும் முதலில் அதைத்தான் வாங்கிக் கொடுப்பீர்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடலையும் வெல்லமும்தான் அதன் உயிர். ஆனால் கடலை மிட்டாய் போடுகிற எல்லோரும் ஒரே மாதிரிப் போடுவதில்லை. சில வருஷத்துக்கு முன்னால் கரிசல்காட்டு ஊர் ஒன்றில் சின்னக் கம்பெனி ஒன்றுக்குப் போயிருந்தேன். என் மருமகளுக்கும் மக்காச்சோளம் ஆகாது, அதனால் முன்கூட்டியே கேட்டேன். "சுத்தமா வெல்லம் மட்டும்தான் சார்" என்றார் முன்னால் இருந்தவர். இரண்டு கிலோ வாங்கிவிட்டேன். பிறகு அடுப்படியைப் பார்க்கப் போனேன். சுவரோரமாக ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் வாளி. வேலை செய்த பையன் கையைத் தண்ணீரில் முக்கி நனைத்துக்கொண்டு, வாளிக்குள் விட்டு ஒரு உருண்டை அள்ளினான். கண்ணாடிக் கயிறு மாதிரி நூலிழுத்துக்கொண்டே வந்தது. அதைச் சுழற்றிப் பாகுச் சட்டியில் போட்டான். நனையாத கையோடு தொட்டால் ஒட்டிக்கொண்டு விடாது, அவ்வளவு பசை. லிக்விட் குளுக்கோஸைப் பார்த்துப் பழகியவனுக்கு அந்த நனைத்த கையே போதும். வாங்கிய இரண்டு கிலோவையும் அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு எனக்குக் கோபம்தான். ஆனால் யோசித்தால், முன்னால் இருந்தவர் மனதறிந்து பொய் சொன்னார் என்று தோன்றவில்லை. அவருக்கு அது ஒரு கைப்பிடிச் சாமான், உப்பு போடுவது மாதிரி. வெல்லத்தோடு எண்ணும் கணக்கில் அது வருவதே இல்லை.

அதனால் கேட்கிற விதம் முக்கியம். "கார்ன் சிரப் இருக்கா?" என்று கேட்டால் நம் பக்கத்து மிட்டாய்க் கடைக்காரர் இல்லை என்றுதான் சொல்வார், மனசாரச் சொல்வார். "பாகுல குளுக்கோஸ் போடுவீங்களா?" என்று கேளுங்கள். "ஆமா, கொஞ்சம் போடுவோம், அப்பத்தான் மினுங்கும்" என்று உடனே பதில் வரும். போடாதவரும் "எங்ககிட்ட கிடையாது" என்று உறுதியாகச் சொல்வார். இதையே ஐஸ்கிரீம் கடையிலும் கேட்கலாம். கவர் போட்ட ஐஸ்கிரீமில் லிக்விட் குளுக்கோஸும் மால்டோடெக்ஸ்ட்ரினும் சாதாரணம். சைக்கிளில் வரும் பால் ஐஸ், சேமியா ஐஸில் பால் கெட்டியாகச் சோளமாவு கரைத்து ஊற்றுவது உண்டு. அந்தப் பிள்ளைக்கு ஐஸ் வேண்டுமென்றால் வீட்டில் பாலைச் சுண்டக் காய்ச்சிச் சீனி போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் கொடுங்கள்.

இனிக்காத பண்டத்திலும் இது வரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சிப்ஸ் மேல் தூவும் மசாலாப் பொடி, உடனடி சூப், நூடுல்ஸ் மசாலா, பழச்சாற்றுப் பொடி இவற்றில் வாசனையைப் பிடித்து நிறுத்தவும் பொடி கட்டி தட்டாமல் இருக்கவும் மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்க்கிறார்கள். தக்காளி சாஸ், ஜாம், பாலில் கலக்கும் சத்துப் பொடிகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒன்றில் சீனி மட்டும், அடுத்ததில் லிக்விட் குளுக்கோஸ். மால்ட் என்று இருந்தால் அது வழக்கமாக முளைகட்டிய பார்லி. மால்டோடெக்ஸ்ட்ரின் வேறு, மால்ட் வேறு. கஸ்டர்டு பவுடர் ஏறக்குறைய முழுக்கச் சோளமாவுதான். கேக் மேல் பூசும் ஐசிங் சீனியிலும் பேக்கிங் பவுடரிலும் ஈரம் பிடிக்காமல் இருக்க அதைச் சேர்ப்பது வழக்கம். பிறந்தநாள் கேக் அங்கே வெட்டட்டும், இங்கே வேண்டாம். ஹோட்டலில் காலிஃபிளவர் 65, சில்லி சிக்கன், சூப் மூன்றையும் கேட்காமலே தவிர்த்துவிடுங்கள். மொறுமொறுப்பும் கெட்டியும் சோளமாவால்தான். இட்லி, தோசை, பரோட்டா, சோறு, குழம்பு பயமில்லை.

உப்பைப் பற்றி மகள் கேட்டாலும் கேட்பாள். அமெரிக்காவில் அயோடின் உப்பில் அயோடைடு சேர்க்கிறார்கள். அது சீக்கிரம் சிதையும் என்பதால் தாங்கிப் பிடிக்க டெக்ஸ்ட்ரோஸ் ஒரு துளி போடுவார்கள். மக்காச்சோளம் ஆகாத வீடுகளில் அங்கே உப்பைக்கூடப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். நம் நாட்டில் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட். அது தானாகவே நிலைத்து நிற்கும், டெக்ஸ்ட்ரோஸ் தேவையில்லை. தூத்துக்குடி உப்பைத் தைரியமாகப் போட்டுச் சமையுங்கள்.

சரி, அப்போது இனிப்புக்கு என்ன கொடுப்பது? திருநெல்வேலிக்காரர்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சிரமமில்லை. நம் அல்வா சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டி, பால் பிழிந்து, புளிக்கவிட்டு, சீனிப் பாகும் நெய்யும் விட்டுக் கிண்டுவது. நிறம்கூடச் சீனி முறுகுவதில் வருவது. மக்காச்சோளத்துக்கு அங்கே வேலையே இல்லை. கோதுமை ஆகுமென்றால் பேரன் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் பாம்பே அல்வா, கராச்சி அல்வா என்று சதுரமாக வெட்டி, பச்சை சிவப்பில், விளக்குக்கு நேரே பிடித்தால் ஒளி ஊடுருவுகிற மாதிரி விற்பது சோளமாவு அல்வா. வாயில் வைத்தால் ரப்பர் போல இழுபடும். கோதுமை அல்வா இழுபடாது, வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் இறங்கும். மலிவு விலைப் பொட்டலங்களில் இரண்டையும் கலப்பவர்கள் இருக்கிறார்கள். அல்வாவைக் கிண்டுகிற கடையிலேயே, கேட்டு வாங்குங்கள்.

அதற்கு அடுத்தது கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்கும் புவிசார் குறியீடு உண்டு. சில்லுக் கருப்பட்டியில் சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டிருப்பார்கள், பிள்ளைகள் மிட்டாய் மாதிரியே சப்பிச் சாப்பிடும். கருப்பட்டியில் நடக்கும் கலப்படம் பெரும்பாலும் சீனிக் கலப்படம். உங்களுக்கு அது ஏமாற்றம், பேரனுக்கு ஆபத்தில்லை. கோவில் கொடை நேரத்தில் வந்தால் கருப்பட்டி மிட்டாய் கிடைக்கும். அரிசி மாவும் உளுந்தும் அரைத்துப் பிழிந்து கருப்பட்டிப் பாகில் முக்குவது. வாசுதேவநல்லூர்ப் பக்கத்து மண்டை வெல்லம் இருந்தால் வீட்டிலேயே கடலை மிட்டாய் போட்டுவிடலாம். பாகை ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டால் கல் மாதிரி விழுந்து டங்கென்று சத்தம் வர வேண்டும். அந்தப் பதத்தில் வறுத்த கடலையைக் கொட்டிக் கிளறி, நெய் தடவிய தட்டில் பரப்பிச் சூடு ஆறுவதற்குள் வெட்டுங்கள். குளுக்கோஸ் இல்லாததால் ஒரு வாரத்துக்கு மேல் அந்த மொறுமொறுப்பு நிற்காது. ஏழு வயசுப் பையன் இருக்கும் வீட்டில் அது ஒரு வாரம் மிஞ்சாது.

தேனை மட்டும் யோசித்துக் கொடுங்கள். மக்காச்சோளமும் கரும்பும் காற்றிலிருந்து கரியை எடுக்கும் முறை ஒன்று; தேனீ தேடிப் போகும் பெரும்பாலான பூச்செடிகளின் முறை வேறு. அதனால் தேனில் சோளப் பாகோ கரும்புப் பாகோ கலந்தால் ஆய்வுக்கூடத்தில் கரி அணுவை எடை பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். கலப்படக்காரர்கள் அரிசிப் பாகுக்கு மாறியது அதனால்தான். நெல் பூச்செடிகளின் பக்கம், அந்தச் சோதனையில் சிக்காது. 2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டு தேனைச் சோதித்தபோது எல்லாச் சோதனையிலும் தேறியவை 3 மட்டுமே. சம்பந்தப்பட்ட கம்பெனிகள் அதை மறுத்தன. எந்தப் பாகு கலந்தது என்று கண்ணால் சொல்ல முடியாத பொருளை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. பாபநாசம் மலையில் காணிப் பழங்குடி மக்கள் எடுக்கும் தேன் தெரிந்தவர் மூலம் கிடைத்தால் அது வேறு விஷயம்.

குடிக்க இளநீர், மோர், எலுமிச்சை ஜூஸ், பானகம். ஆனியில் பயினி, அதாவது பதநீர், சீசன் முடிகிற சமயம், கிடைத்தால் காலையிலேயே வாங்கிவிடுங்கள். வெயில் ஏற ஏறப் புளிக்கும். நன்னாரி சர்பத் பாட்டில் வாங்கினால் பட்டியலைப் பாருங்கள். வேரை வாங்கித் தட்டி வெந்நீரில் ஊறவைத்துச் சீனிப் பாகு காய்ச்சுவது அதைவிடச் சுலபம்.

இப்போது உங்கள் விஷயம். இதில் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மக்காச்சோளம் இல்லாத இனிப்பு என்பதால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. கரும்புச் சீனி வயிற்றுக்குள் போனதும் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸாக உடைகிறது. கோலாவுக்குப் போடும் சோளச் சிரப்பில் ஃப்ரக்டோஸ் 55 சதவீதம், மீதியில் பெரும்பகுதி குளுக்கோஸ். உடம்புக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கருப்பட்டியிலும் பெரும்பகுதி கரும்புச் சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் தாதுச்சத்து இருக்கிறது, நல்ல மணம் இருக்கிறது, ஆனால் சர்க்கரை வியாதிக்காரர் கணக்கில் அது சீனிதான். "கருப்பட்டிக் காப்பிதானே" என்று நாளைக்கு நாலு டம்ளர் குடித்து அளவு ஏறியவர்களை என் குடும்பத்திலேயே பார்த்திருக்கிறேன். என் பெரியம்மாவுக்குக் கால் விரல் போனது அப்படித்தான். இன்னமும் எனக்கு மனசு ஆறவில்லை.

'சுகர் ஃப்ரீ' என்று போட்டதை வாங்கும்போதும் பாருங்கள். சில இனிப்பூட்டும் பொடிகளில் இனிப்பு கடுகளவு, மீதி மால்டோடெக்ஸ்ட்ரின். பெயருக்கு அது சீனி இல்லை, ஆனால் குளுக்கோஸ் மாதிரியே வேகமாக ரத்தத்தில் ஏறும். சர்க்கரை வியாதிக்காரருக்கென்று விற்கும் மிட்டாயில் சார்பிடால் இருக்கும். அதிகம் தின்றால் வயிறு போகும். இவையெல்லாம் பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்து வருபவை, பேரனுக்கும் கொடுத்துவிடாதீர்கள். கவரின் பின்னால் சத்துக் கணக்கில் 'சேர்த்த சர்க்கரை' என்று ஒரு வரி இருக்கும். உங்களுக்கு அந்த வரியும், மாவுச்சத்து வரியும். பேரனுக்குப் பொருள்களின் பட்டியல். ஒரே கவரில் நீங்கள் இருவரும் பார்க்க வேண்டிய இடம் வேறு வேறு.

மருந்து விஷயத்தில் விட்டுவிடக் கூடாதவை சில. இருமல், காய்ச்சல் சிரப்புகளில் சார்பிடாலோ குளுக்கோஸோ இருக்கலாம், மாத்திரைகளில் சோள மாவுச்சத்து சேர்ப்பது சாதாரணம். வழக்கமாகக் கொடுக்கும் மருந்தை மகளையே கொண்டுவரச் சொல்லுங்கள். இங்கே டாக்டரிடம் போனால் முதல் வார்த்தையாக ஒவ்வாமையைச் சொல்லுங்கள். டிரிப் ஏற்றும் நிலை வந்தால் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் குளுக்கோஸ் டிரிப்பில் இருப்பது டெக்ஸ்ட்ரோஸ். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் பொடியிலும் அதுதான். அது ஆகுமா என்று கிளம்பும் முன்பே அங்கத்திய டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வரட்டும். ஆகாதென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் சின்ன ஸ்பூனால் தலை தட்டி ஆறு ஸ்பூன் சீனியும் அரை ஸ்பூன் உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். அளவு மாறக் கூடாது. ஒவ்வாமை முற்றி மூச்சுத் திணறினால் தொடையில் குத்தும் அட்ரினலின் பேனா அவனுக்கு எழுதிக் கொடுத்திருந்தால், அதை மறக்காமல் கைப்பையில் எடுத்து வரச் சொல்லுங்கள். இங்கே மருந்துக் கடைகளில் அது எளிதில் கிடைக்காது.

ஆனி என்றால் குற்றாலத்தில் சாரல் இருக்கும், எப்படியும் கூட்டிப் போவீர்கள். வழியெல்லாம் மக்காச்சோளம் சுட்டு விற்பார்கள். அந்த வண்டிப் பக்கம் பிள்ளையை விடாதீர்கள், சுட்ட கையாலேயே மாங்காயும் நறுக்கிக் கொடுப்பார்கள். ரம்புட்டானும் மங்குஸ்தானும் முழுப் பழமாக வாங்கி நீங்களே உரித்துக் கொடுங்கள். நேந்திரங்காய் சிப்ஸ், தேங்காய் எண்ணெயில் கண் முன்னால் சீவிப் போட்டு உப்புத்தண்ணீர் மட்டும் தெளிக்கிற கடையில் வாங்குங்கள். அதே சட்டியில் வேறு எதுவும் பொரிப்பீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.